ஆறில் ஒரு பெண்ணுக்கு

கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்.பி.வி. கிருமித் தொற்று இருப்பதாகப் பரிசோதனை முடிவு வந்துவிட்டால், ‘இது எப்படி வந்தது?’ என்றுதான் வீட்டில் முதலில் கேட்பார்கள். உடலுறவு வழியே பரவும் கிருமி என்று தெரிந்ததுமே சந்தேகம் மனைவி மீது விழும். இந்தப் பேச்சுக்கு அஞ்சியே பரிசோதனைப் பக்கம் எட்டிப் பார்க்காத பெண்கள் உண்டு.

அவர்களும் அவர்கள் வீட்டாரும் திண்டுக்கல் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. அந்த மாவட்டத்தின் கிராமப்புறத்தில் 16 முதல் 59 வயது வரையிலான, மணமான 1,891 பெண்களிடம் மாதிரி எடுத்து நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. 16.9 சதவீதம் பேருக்குத் தொற்று இருந்தது. ஏறக்குறைய ஆறில் ஒருவர். கருப்பைவாயில் எந்த மாற்றமும் தென்படாத பெண்களிலேயே 14 சதவீதம் பேரிடம் கிருமி இருந்தது.

யாருக்கு அதிகம்? பள்ளிக்கூடமே போகாதவர்களைவிட உயர்நிலைப் பள்ளி வரை படித்தவர்களிடம் தொற்று குறைவு. கணவனை இழந்தவர்கள், மணவிலக்கானவர்கள், குழந்தை பெறாதவர்கள் ஆகியோரிடம் அதிகம். வயதுக் கணக்கு இன்னும் கவனிக்கத்தக்கது. மேலை நாடுகளில் இளவயதில் உச்சம் தொடும் தொற்று பிறகு இறங்கிவிடும். திண்டுக்கல்லிலோ எல்லா வயதிலும் ஒரே மட்டம். நடுத்தர வயதில் கிருமி உடலைவிட்டு நீங்காதிருக்கலாம், அல்லது அடிக்கடி புதிதாகத் தொற்றலாம் என்றனர் ஆய்வாளர்கள்.

புதிதாகத் தொற்றுகிறது என்றால் எங்கிருந்து? கணவன்மாரை யாரும் கேட்பதில்லை. ஆண்களுக்கென்று வழக்கமான எச்.பி.வி. பரிசோதனையும் கிடையாது. போதாக்குறைக்கு, இந்தக் கிருமி எந்த அறிகுறியும் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கக்கூடியது. யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எந்த மருத்துவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பிறகு எதை வைத்துப் பஞ்சாயத்து?

பெரும்பாலான தொற்றுகளை உடலே ஓரிரு ஆண்டுகளில் விரட்டிவிடும். 16, 18 போன்ற அபாய வகைகள் நீங்காமல் தங்கினால்தான் வினை. புகைப்பழக்கமும் எச்.ஐ.வி. பாதிப்பும் ஆபத்தைக் கூட்டும். அப்போதும் புற்றாக மாறப் பல ஆண்டுகள் ஆகும். இவ்வளவு அவகாசம் தரும் நோய்க்குத்தான் 2022இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 80 ஆயிரம் பெண்கள் பலியானதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

தடுக்க வழி இல்லையா என்றால், அதற்கும் திண்டுக்கல்லே பதில் வைத்திருக்கிறது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிச் சிறிது பொறுத்துப் பார்ப்பார்கள். கோளாறான இடம் வெள்ளையாகத் தெரியும். தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தை உறையவைத்து அழிக்கும் சிகிச்சை. 30 முதல் 59 வயதுப் பெண்களிடையே நடந்த இந்தச் சோதனை முயற்சி, கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணங்களை 35 சதவீதம் குறைத்ததாக 2007இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை.

ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையேனும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. நாட்டின் சராசரி 2 சதவீதத்தைத் தொடவில்லை என்பதால் நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அந்தப் பெருமையால் யாருக்கும் பயனில்லை. 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாகத் தடுப்பூசி போட 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு நிதி ஒதுக்கியது வரவேற்கத்தக்கது. ஆனால் ஏற்கெனவே தொற்றிய கிருமியைத் தடுப்பூசி அகற்றாது. அந்தச் சிறுமிகளின் அம்மாக்களுக்குப் பரிசோதனை ஒன்றே வழி.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசம். கணவர்களே, மனைவியிடம் விளக்கம் கேட்பதை விட்டு, உடன் சென்று பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள்.