இரண்டு வார், ஒரு வாய்

அரண்மனை வாசலில் குதிரைமேல் காவல் நிற்கும் வீரர்களை நம்மவர் பலரும் பார்த்திருப்பீர்கள். 2011 வரை பிரிக்பீல்ட்ஸுக்கு அருகே பழைய அரண்மனையில் நின்றார்கள். அதன்பின் புதிய அரண்மனை வாசலில் நிற்கிறார்கள். அடுத்த முறை குதிரை மேலிருப்பவரைக் கண்டால், பிள்ளைகளை விட்டு அவர் கையிலுள்ள வார்களை எண்ணச் சொல்லுங்கள். பக்கத்துக்கு இரண்டு இருந்தால், அநேகமாக அது இரட்டைக் கடிவாளம்.

குதிரை வேலை நமக்குப் புதிதல்ல. 1896-இல் தொடங்கிய சிலாங்கூர் டர்ஃப் கிளப்பின் பந்தயத் திடல், இன்று இரட்டைக் கோபுரம் நிற்கும் இடத்தில் இருந்தது. பிறகு சுங்கை பெசிக்குப் போனது. லாயங்களில் சைஸ் வேலை பார்த்த தமிழர் உண்டு. அந்த வேலைக்குப் போகும் தம்பிமார் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பந்தயக் குதிரைக்கு வாயில் ஓர் இரும்பே போதும். நடைப்பயிற்சியில் தேறிய குதிரைக்குத்தான் இரண்டு. மேலே இருப்பது நடுவில் மூட்டுள்ள மெல்லிய இரும்பு. கீழே இருப்பதற்கு இருபுறமும் நீண்ட கை உண்டு; தாடைக்கடியில் சங்கிலி உண்டு. அதன் வாரை இழுத்தால் கடப்பாரை போல் நெம்பி, நாக்கையும் ஈறையும் தாடையையும் ஒருசேர அழுத்தும். விரலால் இழுத்தது வாயில் பன்மடங்காகும்.

முதலில் வாயைப் பாருங்கள். நாக்கு தடித்து, மேலண்ணம் தாழ்ந்திருந்தால் இரண்டு இரும்புக்கு இடமில்லை; அந்தக் குதிரைக்கு இது வேண்டாம். இடமிருந்தால் வாயின் அகலத்தை அளந்து வாங்குங்கள். கை நீளமானால் நெம்பும் பலமும் கூடும் என்பதை மறக்காதீர்கள்.

மாட்டும்போது மெல்லிய இரும்பு உதட்டோரத்தில் ஒரு சுருக்கம் விழுமளவு இருக்கட்டும். மற்றது அதற்குக் கீழே, முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத ஈறில் அமரவேண்டும். ஆண் குதிரைக்கு அங்கே கோரைப்பல் இருக்கும். அதில் இடிக்கக் கூடாது. சங்கிலியை முறுக்கு நீக்கித் தட்டையாக மாட்டுங்கள். வாரை இழுத்தால் கை சுமார் 45 பாகை சாய்ந்ததும் சங்கிலி பிடிக்கவேண்டும். அதற்கு முன்பே பிடித்தால் இறுக்கம்.

மூக்குப்பட்டைக்குள், மூக்கெலும்பின் மேல் இரண்டு விரல் நுழையவேண்டும். சர்வதேசப் போட்டிகளில் இதைச் சோதிக்க 2025-இல் ஓர் அளவுகோலே வந்துவிட்டது. வாயைத் திறக்க விடாமல் பட்டையை இறுக்கிக் கட்டினால் வலி போகாது. நம் கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். வலி பொறுக்காத குதிரை ஒருநாள் முன்னங்காலைத் தூக்கி நிற்கும். அப்போது கீழே விழுபவர் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கத்தி கூராக இருக்கிறதென்று ஆழமாக வெட்டுவோமா? மரத்தில் காயம் பட்டால் அந்தப் பட்டை மேடும் பள்ளமுமாகத்தான் வளரும். அதுபோல் அடிக்கடி வலி கண்ட வாய், மறுபடி மெல்லிய கைக்குப் பணிவது கடினம்.

ஆகவே தம்பி, ஒற்றை வாரில் கை பழகும்வரை இரட்டை வாரைத் தொடாதே. பழகிய பின்பும் மேல்வாரைக் கொண்டே வேலை வாங்கு. கீழ்வாரைத் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொள். குதிரைக்கு வாய் ஒன்றுதான் உண்டு.