மிஸ்ஸி சொன்னால் ஏறாதா?

"முடிவெடுப்பது டாக்டர் வேலை, சொன்னதைச் செய்வது மிஸ்ஸி வேலை." தாதியருக்குக் கூடுதல் அதிகாரம் என்ற பேச்சு எழுந்தாலே ஜெஞ்சாரோம் சாப்பாட்டுக் கடையிலும் கோலாலம்பூர் கருத்தரங்கிலும் இதே பதில்தான். கேட்க ஒழுங்காக இருக்கிறது. நடப்பு வேறு.

கிராமத்துக் கிளினிக் டேசாவுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே தினமும் உட்கார்ந்திருப்பவர் சமூகத் தாதி, டாக்டர் அல்ல. கர்ப்பிணியின் ரத்த அழுத்தம், சிறுநீர், கால்வீக்கம், முந்தைய பிரசவக் கதை எல்லாவற்றையும் பார்த்து, பதிவுப் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என ஒரு நிறத்தைக் குறிக்கிறார். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. இது முடிவு இல்லையென்றால் எது முடிவு? 1957இல் ஒரு லட்சம் பிறப்புக்கு ஏறத்தாழ 280 தாய்மார் இறந்த நாடு இது. 1990களில் அந்த எண்ணிக்கை 50க்கும் கீழே இறங்கிவிட்டது. மலேசியாவையும் இலங்கையையும் ஆராய்ந்து உலக வங்கி 2003இல் வெளியிட்ட நூல், ஊருக்குள்ளேயே இருந்த பயிற்சிபெற்ற மருத்துவச்சிகளையும் தாதியரையும் இதற்கு முக்கியக் காரணமாகக் காட்டுகிறது.

அடுத்து, "படிப்பு போதாது" என்பார்கள். நம் தாத்தா பாட்டிக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்து கொடுத்தது யார்? தோட்டத்து டிரஸ்ஸர். டாக்டர் எப்போதாவது வந்து போவார். இந்த டிரஸ்ஸர்களைப் பதிவு செய்ய 1965இல் தனிச்சட்டமே வந்தது. பால்மரம் வெட்டியவனின் உயிர் என்றபோது யாரும் பட்டம் கேட்கவில்லை. (அந்த முறையைப் புகழவில்லை, பல தோட்டங்களில் அது முதலாளியின் சிக்கனம்தான்.) இன்று மூன்றாண்டு டிப்ளோமாவும் அதன்மேல் சிறப்புப் பயிற்சியும் முடித்தவரிடம் மட்டும் தகுதி கேட்கிறோம். அடிப்படைச் சிகிச்சையில் டாக்டருக்குப் பதிலாகத் தாதியரே நோயாளிகளைக் கவனித்த 18 சோதனைகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் தொகுத்துப் பார்த்தது. பலன் குறையவில்லை, சிலவற்றில் கூடியிருந்தது. நம் பாடத்திட்டம் அந்த ஆழத்துக்கு வரவில்லை என்றால் பாடத்திட்டத்தைத்தான் திருத்த வேண்டும்.

"தவறு நடந்தால் யார் பொறுப்பு?" என்பது கொஞ்சம் கனமான கேள்வி. பொறுப்பு இன்றும் தாதியிடம் இருக்கிறது: 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்கீழ் தாதியர் வாரியம் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கலாம். இல்லாதது அதிகாரம். தாதியின் வாயை அடைத்தால் ஆபத்து குறையும் என்று நினைப்பவர்கள் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் மருத்துவமனையை நினைத்துக்கொள்ளட்டும். ஓர் அறுவை மருத்துவரின் நோயாளிகளுக்கு ஏற்படும் சிக்கல்களைப் பற்றித் தீவிர சிகிச்சைப் பிரிவுத் தாதி டோனி ஹாஃப்மன் மேலிடத்தில் முறையிட்டுக்கொண்டே இருந்தார். யாரும் காது கொடுக்கவில்லை. 2005இல் விஷயம் குவீன்ஸ்லாந்து மாநில நாடாளுமன்றத்துக்குப் போன பிறகுதான் விசாரணை வந்தது.

நம்மவர்களுக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. பாட்டி டாக்டர் அறையில் "சரி டாக்டர், சரி டாக்டர்" என்று தலையாட்டுவார். வெளியே வந்து கால்புண்ணுக்குக் கட்டுப் போடும்போதுதான் வாய் திறப்பார்: "ராத்திரி ஊசி போட்டா தலை சுத்துதும்மா, நான் பாதிதான் போடறேன்." தாதிக்கு விஷயம் விளங்கிவிடும். ஆனால் இன்சுலினில் ஒரு யூனிட்டைத் தானாகக் குறைக்கவும் அவருக்கு அனுமதி இல்லை. கார்டில் குறித்து வைத்து, மறுபடி டாக்டருக்குக் காத்திருக்க வேண்டும். பிரிட்டனிலோ தகுதிபெற்ற தாதியர் 2006 முதல் பெரும்பாலான மருந்துகளைத் தாங்களே எழுதிக் கொடுக்கிறார்கள்.

"தாதியரே இதைக் கேட்கவில்லையே" என்பது கடைசி அஸ்திரம். பாதி உண்மை. வார்டில் மூச்சுவிட நேரமில்லாதவர் கூடுதல் பொறுப்பைக் கேட்பாரா? அவர்களுடைய வார வேலைநேரத்தை 42 மணியிலிருந்து 45 ஆக்கும் முடிவு 2024 டிசம்பரில் நடப்புக்கு வரவிருந்தது. தாதியர் சங்கம் எதிர்த்த பிறகுதான் தள்ளிவைக்கப்பட்டது. தங்கள் வேலைநேரத்தைப் பற்றியே முடிவு வந்த பிறகு போராட வேண்டியவர்களிடம் விருப்பம் இல்லை என்று சொல்வது நியாயமா?

எல்லா மருந்தையும் எல்லாத் தாதியரும் எழுதட்டும் என்று கேட்கவில்லை. நீரிழிவுப் பயிற்சி முடித்த தாதி, எழுதப்பட்ட வழிகாட்டுதலுக்குள் இன்சுலின் அளவை மாற்றட்டும். மருத்துவமனை நிர்வாகக் குழுவில் தாதியருக்கு வாக்குரிமையுள்ள இடம் கொடுங்கள். சுகாதார அமைச்சு இவற்றை ஒரு மாவட்டத்திலாவது தொடங்கலாம். ஜெஞ்சாரோம் இருக்கும் கோல லங்காட்டிலேயே தொடங்கட்டும். இதை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்.