மருந்தடித்தவர்களின் வாக்குமூலம்

மருத்துவர் கண்டறியும் உடற்கோளாறும் நோயாளி வாழ்ந்து அனுபவிக்கும் துன்பமும் வெவ்வேறானவை என்றும், பின்னதை நோயாளி சொல்லும் கதையின் வழியாகவே அறிய இயலும் என்றும் மருத்துவ மானுடவியலாளர் ஆர்தர் கிளைன்மன் 1988இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். மலேசியாவின் பேராக் மாநில ரப்பர்த் தோட்டங்களிலும் அவற்றின் இடத்தைப் பிடித்த செம்பனைத் தோட்டங்களிலும் வேலை செய்த தமிழ்ப் பெண்களுக்கு இது புதிய செய்தியன்று. பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை அடித்த பெண்களுக்கு மூக்கில் இரத்தம் வடிவதும், நகம் நிறம் மாறிக் கழன்று விழுவதும் அந்த நஞ்சின் அறியப்பட்ட விளைவுகளே. எனினும் தனித்தனியாக முறையிடப்பட்டவரை அவை ஆளுக்கொரு சில்லறை நோவாகவே தோன்றின. தெனாகானித்தா என்னும் பெண்கள் உரிமை அமைப்பு தோட்டப் பெண்களின் அனுபவங்களைத் திரட்டி 2002இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டபோதுதான் அவை ஒரே தொழிலின் நோயாகத் தெரிந்தன. அவ்வாண்டே மலேசிய அரசு பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்து, 2006இல் அதைத் தளர்த்தி (வாக்குமூலத்தைவிட விளைச்சல் கணக்குக்குக் குரல் பெரிது போலும்), 2020இல்தான் முழுமையாகத் தடைசெய்தது. தனிமனிதக் கதை ஆய்வகச் சோதனைக்கு மாற்றாகாது என்பது உண்மையே. ஆயினும் எந்தச் சோதனையைச் செய்வது என்பதை, பேராக்கின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ மருத்துவமனைக்கு வரும் மூதாட்டி எத்தனை ஆண்டுகள் மருந்தடித்தார் என்று கேட்காத மருத்துவர் அறிய வழியில்லை.