அறுபது நாள் தடை யாருக்காக?

ஊரக வேலை உறுதி பற்றிய விவாதம் எப்போதும் நாள் கணக்கிலேயே நடக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் குடும்பத்துக்கு 100 நாள் என்றது. அதற்கு மாற்றாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ‘விபி-ஜி ராம் ஜி’ சட்டம் 125 நாள் என்கிறது. கூடுதலாக 25 நாள் தரும் சட்டத்தை ஏன் எதிர்க்கிறீர்கள் என்று கேட்போருக்கு, அதே சட்டத்தில் உள்ள இன்னோர் எண்ணை நாம் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது: 60. விதைப்பும் அறுவடையும் உச்சத்தில் இருக்கும் பருவங்களில், நிதியாண்டுக்கு மொத்தம் 60 நாள்கள் இத்திட்டத்தின் கீழ் எந்தப் பணியும் நடைபெறக் கூடாது என்கிறது அது. எந்த 60 நாள்கள் என்பதை மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

125 என்னும் எண்ணைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 100 நாள் உறுதியளித்த பழைய சட்டத்தின் கீழேயே, வேலை பெற்ற குடும்பங்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 50 நாள்தான் கிடைத்துவந்தது. ஆனால் 60 நாள் தடை முழுமையாகவே நடைமுறைக்கு வரும். அதைச் செயல்படுத்த நிதி தேவையில்லை. பணித்தளத்தை மூடினால் போதும்.

தடையின் சுமை யார்மீது விழும்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய உழைப்பாளர்களில் விவசாயக் கூலிகள் 30 விழுக்காட்டினர். பட்டியல் சாதி உழைப்பாளர்களிடையே இது 45.9 விழுக்காடு. நிலமற்றவர் ஆண்டின் பெரும்பகுதி நாள்களில் கிடைத்த கூலிக்கு வேலை செய்கிறார். நடவும் அறுப்பும் நடக்கும் சில வாரங்களில் மட்டும் நிலைமை மாறுகிறது. கதிர் முற்றிவிட்டால் நிலவுடைமையாளரால் காத்திருக்க முடியாது. கூலி பேசுவதற்குச் சேரிக்கு இருக்கும் பருவம் அது ஒன்றுதான்.

கீழத்தஞ்சையின் வரலாறு இதற்குச் சான்று. கூலி நெல்லை உயர்த்திக் கேட்டதும், வெளியூர் ஆள்களை இறக்கி அறுப்பதை எதிர்த்ததும்தான் அங்கு மோதலாக முற்றின. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் பின்னர் விடுவித்தது. அறுவடைக் காலத்தில் ‘வரமாட்டோம்’ என்று சொல்வதற்கு அன்றைய கூலி உழைப்பாளரிடம் சங்கத்தைத் தவிர வேறு பிடிமானம் இருக்கவில்லை.

வேலை உறுதிச் சட்டம் அத்தகைய ஒரு பிடிமானத்தை, அரைகுறையாகவேனும், சட்டத்தின் பெயரால் தந்தது. வயலில் கூலி குறைவென்றால் ஏரிக்கரைக்குப் போகலாம் என்ற நிலை வந்தது. வறுமைக் குறைப்பில் இச்சட்டத்தின் உண்மையான பங்கு இதுவே என்று நாம் கருதுகிறோம். கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தாங்கர் ஆகியோர் ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்தில் பெரிய அளவில் நடத்திய ஆய்வும் இதையே காட்டுகிறது. திட்டத்தின் ஊதியம் ஒழுங்காகக் கைக்கு வரத் தொடங்கிய ஒன்றியங்களில் ஏழைக் குடும்பங்களின் வருமானம் உயர்ந்தது. அந்த உயர்வில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் திட்டத்துக்கு வெளியே, சந்தைக் கூலி உயர்வு போன்றவற்றின் வழியே வந்தது. திட்டம் நேரடியாகக் கொடுத்த பணத்தைவிட, அது இருந்ததால் பிறர் கொடுக்க நேர்ந்த பணம் அதிகம்.

‘நூறு நாள் வேலையால் விவசாயத்துக்கு ஆள் கிடைக்கவில்லை’ என்பது ஊர்த்தெருக்களில் இருபதாண்டுகளாக ஒலிக்கும் புகார். மேற்கூறிய ஆய்வில் தனியார் வேலைவாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. அது கிடக்கட்டும், புகாரையே எடுத்துக்கொள்வோம். 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் ஊதியம் 336 ரூபாய். அறுப்புக் காலத்தில் வயற்கூலி இதைவிடக் கூடுதலாக இருந்தால் மக்கள் தாமாகவே வயலுக்குச் செல்வர். தடைக்குத் தேவையே இல்லை. வயற்கூலி இதைவிடக் குறைவாக இருக்கும் இடத்தில்தான் தடை தேவைப்படுகிறது. ஆகவே, குறைந்த கூலிக்கு ஆள் திரட்டித் தரும் பொறுப்பை அரசே ஏற்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் இல்லை.

பெண்களுக்கு இழப்பு இன்னும் பெரிது. தமிழ்நாட்டில் இத்திட்டத்தின் வேலை நாள்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் பெண்களுடையவை. நடவும் களையெடுப்பும் பெண்களின் வேலைகள். அவற்றுக்கு ஆணைவிடக் குறைந்த கூலியே வழக்கம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்று சட்டம் சொன்ன பணித்தளம் சரியாக அந்தப் பருவத்தில் மூடப்படும்.

நிதிப் பகிர்விலும் மாற்றம் வந்துள்ளது. உடலுழைப்பு ஊதியம் முழுவதையும் ஒன்றிய அரசு ஏற்ற நிலை போய், பெரும்பாலான மாநிலங்களுக்கு 60:40 என்றாகிறது. மாநில வாரியாக ஒன்றிய அரசு வரையறுக்கும் ஒதுக்கீட்டுக்கு மேல் செலவானால் அதை மாநிலமே சுமக்க வேண்டும். கேட்டவருக்கு வேலை என்ற உரிமை, இருக்கும் பணத்துக்கு வேலை என்று சுருங்குகிறது. டெல்லியிலிருந்து வரும் ஒரு நிருவாக உத்தரவு ஊருக்குள் என்ன செய்யும் என்பதை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். 2021இல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஏனையோர் என ஊதியத்தைத் தனித்தனியே பிரித்து அனுப்பச் சொன்னார்கள். ஒரே குளத்தில் மண் வெட்டியவர்களுக்கு வெவ்வேறு நாள்களில் பணம் வந்தது. எதிர்ப்புக்குப் பின் அந்த ஆண்டிலேயே அம்முறை கைவிடப்பட்டது.

இப்போது மாநிலங்களின் கையில் எஞ்சியிருப்பது அந்த 60 நாள்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம். வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு தேதிகளை அறிவிக்கவும் சட்டம் இடமளிக்கிறது. குறுவை, சம்பா, தாளடி என மூன்று பருவம் காணும் டெல்டாவில் எந்த வாரங்கள் குறிக்கப்படும், யாரைக் கேட்டுக் குறிக்கப்படும் என்பது முதற்கேள்வி. மாவட்ட விவசாயிகள் குறைதீர் கூட்டங்களில் நிலமுடையோரின் குரலே ஓங்கி ஒலிக்கும். நிலமற்றோருக்கு அப்படியொரு மேடை கிராம சபைதான். தேதிகள் முடிவாகும் முன்பே, பணித்தள ஊதியத்துக்குக் குறையாத வயற்கூலி உறுதிசெய்யப்படாத ஊர்களில் பணியை நிறுத்தக் கூடாது என்ற தீர்மானம் ஒவ்வோர் ஊராட்சியிலும் எழுத்தில் பதிவாக வேண்டும். தீர்மானத்தின் நகலைக் கையோடு பெற்றுக்கொள்ளவும் வேண்டும்.