அமெரிக்காவுல கம்பெனி, பாளையங்கோட்டையில வேலை: வீட்டிலிருந்தே டாலர் அக்கவுண்ட் தொடங்குவதில் என்ன சிக்கல்?

"அரை மணி நேரத்துல அமெரிக்காவுல கம்பெனி, வீட்டுல இருந்தே டாலர் அக்கவுண்ட்" என்கிற ரீதியில் ரீல்ஸ் விளம்பரங்கள் இப்போது போனைத் திறந்தாலே வந்து விழுகின்றன. ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவர்கள், சின்னதாக ஒரு ஆப் உருவாக்கி விற்பவர்கள், ஆன்லைனில் வகுப்பு எடுப்பவர்கள் எல்லாரையும் குறிவைக்கும் விளம்பரங்கள் இவை. விளம்பரத்தில் சொல்வது பொய்யில்லை. திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டே அமெரிக்காவில் ஒரு எல்எல்சி நிறுவனத்தை உண்மையிலேயே பதிவு செய்யலாம். ஆனால் பதிவு செய்த மறுநாளிலிருந்து இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பதை விளம்பரம் சொல்வதில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு இளைஞர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி முடித்துவிட்டு, வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வெப்சைட் செய்து தருகிறார். மாதம் 1,000 டாலர் வருகிறது. அவருக்கு எதற்கு அமெரிக்கக் கம்பெனி?

ஏன் இந்த ஆசை வருகிறது?

காரணம் பேராசை இல்லை, பணம் வாங்குவதில் இருக்கும் தொல்லைதான். பேபால் நிறுவனம் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள் நடக்கும் பரிவர்த்தனையை நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து பணம் வாங்கும் வசதி மட்டும் தொடர்கிறது. அதிலும் கமிஷன், டாலரை ரூபாயாக்கும்போது பிடிப்பது என்று இரண்டு இடத்தில் கை வைக்கிறார்கள். உலகம் முழுக்க ஆப் டெவலப்பர்கள் பயன்படுத்தும் ஸ்ட்ரைப், 2024 மே மாதத்திலிருந்து இந்தியாவில் புதிய கணக்குகளை அழைப்பின் பேரில் மட்டுமே தருகிறது. கிரெடிட் கார்டில் மாதச் சந்தா வசூலிக்க நினைக்கும் ஒருவருக்கு இது பெரிய அடி. அப்போதுதான் 'அமெரிக்கக் கம்பெனி இருந்தா ஸ்ட்ரைப் கிடைக்கும்' என்ற யோசனை வருகிறது.

தாமிரபரணிக் கரைக்கு இது புதுசும் இல்லை. குற்றாலத்துக்குப் பக்கத்தில், சிற்றாறு ஓடும் பகுதியில் உள்ள மத்தளம்பாறையிலிருந்து ஜோஹோ நிறுவனம் உலகத்துக்கே சாஃப்ட்வேர் விற்கிறது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய அந்த நிறுவனம் 2011-ல் தென்காசிப் பக்கம் வந்தது. 'அவங்க செய்றாங்க, நாம செய்யக் கூடாதா?' என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அவர்களிடம் ஆடிட்டர், வக்கீல், கணக்குப்பிள்ளை என்று ஒரு படையே இருக்கும். ஒற்றை ஆளாக வேலை செய்பவருக்கு எல்லாமே அவர்தான்.

அமெரிக்கா பக்கம் என்ன செலவு?

எல்எல்சி தொடங்க அமெரிக்கக் குடியுரிமையோ விசாவோ தேவையில்லை. பதிவு செய்த பிறகு ஐஆர்எஸ் எனப்படும் அந்நாட்டு வருமான வரித்துறையிடம் இஐஎன் என்ற வரி எண் வாங்க வேண்டும். அங்கே சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்கள் ஆன்லைனில் இதை வாங்க முடியாது. போன், ஃபேக்ஸ் அல்லது தபால்தான். அரை மணி நேரக் கதை இங்கேயே முடிந்துவிடுகிறது.

பதிவுக் கட்டணம் ஒருமுறையோடு போகாது. டெலவேர் மாகாணத்தில் வருமானமே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 1-க்குள் 300 டாலர் கட்ட வேண்டும். வயோமிங் மாகாணத்தில் குறைந்தது 60 டாலர். அங்கே ஒரு பதிவு முகவரையும் வைத்திருக்க வேண்டும், அவருக்கும் ஆண்டுக் கட்டணம் உண்டு.

இதெல்லாம் சில்லறை. பெரிய ஆபத்து படிவம் 5472. வெளிநாட்டுக்காரர் ஒருவரே முழு உரிமையாளராக இருக்கும் எல்எல்சி, உரிமையாளருக்கும் கம்பெனிக்கும் நடுவே நடந்த பணப் பரிமாற்றத்தை இந்தப் படிவத்தில் ஆண்டுதோறும் காட்ட வேண்டும். கம்பெனி தொடங்க நீங்கள் போட்ட முதல்கூட இந்தக் கணக்கில் வரும். தாக்கல் செய்யாவிட்டால் அபராதம் 25,000 டாலர். இந்திய மதிப்பில் 21 லட்சம் ரூபாய்க்கு மேல். வரி கட்ட வேண்டியது பூஜ்ஜியமாக இருந்தாலும் அபராதம் இதேதான். மாதம் 1,000 டாலர் சம்பாதிக்கும் நம்ம பாளையங்கோட்டை இளைஞருக்கு இது இரண்டு வருஷ வருமானம்!

டாலர் அக்கவுண்ட் பாதுகாப்பானதா?

இப்படி ரிமோட்டாக அக்கவுண்ட் தரும் செயலிகளில் பல, வங்கிகளே அல்ல. பின்னால் இருக்கும் ஏதோ ஒரு வங்கியில் உங்கள் பணத்தைப் போட்டுவைத்து, முன்னால் அழகான ஆப்பைக் காட்டுகின்றன. அமெரிக்காவில் ஒரு வங்கி திவாலானால் ஒரு வாடிக்கையாளருக்கு 2.5 லட்சம் டாலர் வரை எஃப்டிஐசி காப்பீடு உண்டு. நடுவில் இருக்கும் கம்பெனி கவிழ்ந்தால் அந்தக் காப்பீடு வராது.

இது கற்பனை இல்லை. செயலிகளையும் வங்கிகளையும் இணைக்கும் வேலையைச் செய்த சினாப்ஸ் என்ற நிறுவனம் 2024 ஏப்ரலில் திவால் நோட்டீஸ் கொடுத்தது. அடுத்த மாதமே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்களின் கணக்குகள் முடங்கின. யாருடைய பணம் எந்த வங்கியில் இருக்கிறது என்ற கணக்கே ஒத்துப்போகவில்லை. 6.5 கோடி முதல் 9.6 கோடி டாலர் வரை துண்டு விழுவதாக நீதிமன்றம் நியமித்த நிர்வாகி சொன்னார். பாதிக்கப்பட்டவர்கள் அமெரிக்கர்கள். சொந்த ஊரிலேயே அவர்களுக்கு அந்தக் கதி என்றால், கடல் தாண்டி வண்ணார்பேட்டையில் இருப்பவர் எந்தக் கதவைப் போய்த் தட்டுவார்?

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். வெளிநாட்டுக் கம்பெனி தொடங்குவது குற்றமில்லை. 2022 ஆகஸ்ட் 22-ல் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, இந்தியாவில் வசிக்கும் தனிநபர் ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரம்புக்குள் வெளிநாட்டில் முதலீடு செய்யலாம். ஆனால் பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத கம்பெனியில் ஒரே ஒரு பங்கு வாங்கினாலும் அது 'வெளிநாட்டு நேரடி முதலீடு' என்ற கணக்கில் சேரும். அதாவது 100 டாலர் முதல் போட்டு எல்எல்சி தொடங்கினாலும், ஆயிரம் கோடி போட்டு ஒரு பெரிய நிறுவனம் வெளிநாட்டில் கால்வைத்தாலும், அடிப்படை நடைமுறை ஒன்றுதான்.

முதலீட்டுப் பணம் அந்நியச் செலாவணி கையாளும் உங்கள் வங்கி வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு முன் படிவம் எஃப்சி கொடுத்து, ரிசர்வ் வங்கியின் யுஐஎன் எண்ணை வாங்க வேண்டும். அதன்பிறகு ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 31-க்குள் கம்பெனியின் செயல்பாட்டு அறிக்கையை வங்கி மூலம் தர வேண்டும். எல்லா வங்கிக் கிளையிலும் அந்நியச் செலாவணிப் பிரிவு இருக்காது, அதனால் இதற்கே அலைய வேண்டியிருக்கும். ஏஜென்ட்டிடம் கார்டைத் தேய்த்து 'கம்பெனி வந்தாச்சு' என்று சந்தோஷப்படுபவர்கள் இந்தப் படியைத் தாண்டாமலேயே உள்ளே போய்விடுகிறார்கள்.

அடுத்தது வருமான வரி. ரிட்டர்னில் 'ஷெட்யூல் எஃப்ஏ' என்று ஒரு பகுதி உண்டு. வெளிநாட்டு வங்கிக் கணக்கு, கம்பெனிப் பங்கு, கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டும் இருக்கும் கணக்கு என எல்லாவற்றையும் அதில் காட்ட வேண்டும். கணக்கில் பைசா இல்லாவிட்டாலும் காட்டத்தான் வேண்டும். எளிமையான ஐடிஆர்-1, ஐடிஆர்-4 படிவங்களில் இந்தப் பகுதி கிடையாது என்பதால் அவற்றைப் பயன்படுத்த முடியாது.

காட்டாமல் விட்டால்? 2015-ம் ஆண்டு கருப்புப் பணச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். 2024 அக்டோபர் 1 முதல் ஒரு சலுகை வந்திருக்கிறது. வீடு, நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் இந்த அபராதம் கிடையாது. சின்ன ஆட்களுக்கு இது நிம்மதிதான். ஆனால் அபராதம் இல்லை என்பதால் காட்ட வேண்டியதில்லை என்று அர்த்தமாகாது.

அவங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். கணக்குத் தகவலைப் பகிர்ந்துகொள்ள இந்தியாவும் அமெரிக்காவும் 2015 ஜூலையிலேயே ஒப்பந்தம் போட்டுவிட்டன. வேறு பல நாடுகளிலிருந்தும் தகவல் வருகிறது. அதை வைத்து வருமான வரித்துறை 2024 நவம்பரில் எஸ்எம்எஸ், மெயில் அனுப்பி நினைவூட்டியது. விளைவாக 24,678 பேர் தங்கள் ரிட்டர்னை மறுபரிசீலனை செய்தார்கள். 5,483 பேர் தாமதமாகத் தாக்கல் செய்தார்கள். வெளியே வந்த வெளிநாட்டுச் சொத்து மதிப்பு 29,208 கோடி ரூபாய்.

சரி, வரி மிச்சமாகுமா? வேலை நடப்பது பாளையங்கோட்டையில். உழைப்பவர் இந்தியாவில் வசிப்பவர். அவர் கையில் வரும் வருமானத்துக்கு இங்கே வரி உண்டு. 'அமெரிக்கக் கம்பெனி, அதனால் வரி இல்லை' என்று எந்த ஏஜென்ட்டாவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.

கம்பெனி இல்லாமலே டாலர் வாங்க வழி?

இருக்கிறது, அதுவும் முன்பைவிட நல்ல வழி. 2023 அக்டோபர் 31-ல் ரிசர்வ் வங்கி, எல்லை தாண்டிய பணப்பரிமாற்றத்தைக் கையாளும் பேமெண்ட் நிறுவனங்களுக்குத் தனி விதிமுறை கொண்டுவந்தது. அனுமதி பெற்ற நிறுவனங்கள் வழியாக வெளிநாட்டு வாடிக்கையாளர் தன் ஊர் கார்டிலோ வங்கிக் கணக்கிலோ பணம் கட்டலாம், உங்களுக்கு ரூபாயாக வந்துசேரும். ஒரு பரிவர்த்தனைக்கு உச்சவரம்பு 25 லட்சம் ரூபாய். யாருக்கு அனுமதி உண்டு என்ற பட்டியல் ரிசர்வ் வங்கி இணையதளத்திலேயே இருக்கிறது. சேரும் முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

இந்த வழியில் வந்தால் வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான சான்று கிடைக்கும். ஜிஎஸ்டியில் ஏற்றுமதிக்கு வரி பூஜ்ஜியம். அதை நிரூபிக்க இந்தச் சான்றுதான் ஆதாரம். சேவை செய்பவர்களுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. அதைத் தாண்டினால் பதிவு செய்து, ஒவ்வொரு நிதியாண்டும் எல்யூடி என்ற உறுதிமொழியைப் போர்ட்டலில் தாக்கல் செய்தால் வரி கட்டாமலே பில் போடலாம்.

கரண்ட் அக்கவுண்டுக்கும் கிளையில் போய் நிற்க வேண்டியதில்லை. 2020 ஜனவரியில் வந்த வீடியோ கேஒய்சி வசதி, பிறகு தனிநபர் தொழில் நிறுவனங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஒரே நிபந்தனை, வீடியோ காலின்போது நீங்கள் இந்திய மண்ணில் இருக்க வேண்டும். போனின் லொக்கேஷனை வங்கி பதிவு செய்யும். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் அங்கிருந்தபடி இதில் கணக்குத் தொடங்க முடியாது. ஆனால் ஏற்கெனவே என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு வைத்திருந்தால், சிங்கப்பூர், அமீரகம், சவுதி உள்ளிட்ட 10 நாட்டு போன் நம்பரில் யுபிஐ பயன்படுத்த 2023 ஜனவரியிலேயே அனுமதி வந்துவிட்டது.

பொருள் விற்பவர்களுக்குக் கதை கொஞ்சம் மாறும். பத்தமடைப் பாயையோ கல்லிடைக்குறிச்சி அப்பளத்தையோ வெளிநாட்டுக்கு அனுப்ப ஐஇசி என்ற ஏற்றுமதி எண் வேண்டும், கட்டணம் 500 ரூபாய். 2022 முதல் அஞ்சலகங்களில் 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' என்ற ஏற்றுமதி மையங்கள் தொடங்கப்பட்டுள்ளன. சுங்கப் பத்திரத்தை ஆன்லைனிலேயே போட்டுப் பார்சலைத் தபாலில் அனுப்பலாம். பணம் வந்ததை வங்கிக் கணினியில் சரிக்கட்டுவதுதான் சின்ன ஏற்றுமதியாளர்களுக்குத் தலைவலியாக இருந்தது. 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பில்களுக்கு ஏற்றுமதியாளரின் சுய அறிவிப்பே போதும் என்று 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அறிவித்தது.

எதிர்ப்பக்கமும் ஒரு வலை

இன்னொரு விளம்பரமும் சுற்றுகிறது. 'வெளிநாட்டுக் கம்பெனிக்கு இந்தியாவில் பணம் வசூலிக்க ஆள் தேவை, உங்க பேர்ல கரண்ட் அக்கவுண்ட் தொடங்கிக் கொடுத்தா கமிஷன்' என்பது அதன் சாரம். இதில் சிக்கியவர்கள் நிறைய. சீனர்கள் பின்னணியில் இயங்கிய கடன் செயலிகள் தொடர்பாக 2022 செப்டம்பரில் பெங்களூருவில் அமலாக்கத்துறை சோதனை நடத்தியது. இந்தியர்களின் போலி ஆவணங்களை வைத்து அவர்களை டம்மி இயக்குநர்களாக்கியதே அந்த நிறுவனங்களின் பாணி என்று அப்போது அமலாக்கத்துறை சொன்னது. பணம் கைமாறிப் போன பின் போலீஸ் முதலில் வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்குத்தான்.

காயல்பட்டினம், மேலப்பாளையம் பக்கம் பெரியவர்களுக்கு 'உண்டியல்' என்றால் கோயில் உண்டியல் மட்டும் ஞாபகத்துக்கு வராது. கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கொடுத்த பணத்தை இங்கே ஆள் கொண்டுவந்து கொடுக்கும் அந்தப் பழைய ஏற்பாட்டுக்கும் அதுதான் பெயர். அது அந்நியச் செலாவணிச் சட்டத்துக்குப் புறம்பானது. இப்போது அதே வேலைக்கு ஆளுக்குப் பதில் அக்கவுண்டைக் கேட்கிறார்கள்.

ஏற்கெனவே எல்எல்சி தொடங்கிவிட்டவர்கள் என்ன செய்வது? மூடிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். நடந்த ஆண்டுகளுக்கான படிவம் 5472, இந்தியாவில் ஷெட்யூல் எஃப்ஏ, வங்கியில் முதலீட்டுப் பதிவு மூன்றும் அப்படியேதான் நிற்கும். ரிசர்வ் வங்கிக்குத் தாமதமாகத் தெரிவிப்பவர்களுக்குத் தாமதக் கட்டணம் கட்டிச் சரிசெய்யும் வழி இருக்கிறது. ஆண்டு அறிக்கை தராமல் விட்டதற்கு அந்தக் கட்டணம் 7,500 ரூபாய். அந்நியச் செலாவணி விவகாரம் தெரிந்த ஆடிட்டரிடம் எல்எல்சி பதிவுப் பத்திரம், கணக்கு ஸ்டேட்மென்ட், முதலில் பணம் கட்டிய ரசீது மூன்றையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அக்கவுண்ட் விவரத்தை யாரிடமாவது கொடுத்து ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணை அழைக்க வேண்டும்.