மேஸ்திரியோடு முடிவதில்லை பொறுப்பு



கட்டுமானக் கழிவை உண்டாக்குபவரே அதைப் பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்றன 2016ஆம் ஆண்டு விதிகள். சென்னையிலோ, குளியலறையை இடித்துப் புதுப்பிப்பவர் ரப்பிஷை மேஸ்திரியிடம் விட்டுவிடுகிறார். அது இரவோடு இரவாக ஏரிக்கரையில் விழுகிறது. தேக்குக் கதவுக்கும் இரும்புக் கம்பிக்கும் பழைய சாமான் கடையில் விலை உண்டு, அவை தப்பிவிடும். பெயிண்ட் டப்பாவும் தெர்மகோலும் கலந்த காரைக்குத்தான் நாதியில்லை. பிரிக்க இடமேது என்பார்கள்; கான்கிரீட்டையும் செங்கல்லையும் தனித்தனிச் சாக்கில் கட்ட வாசலோரம் போதும். செலவா? அகற்றும் கூலியை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளலாம். மறுசுழற்சி ஜல்லி தரமற்றது என்பதும் பழங்கதைதான். கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை ஐ.எஸ். 383 தரநிலையே அதை அனுமதிக்கிறது. ஆனால் பெருங்குடி, கொடுங்கையூர் மறுசுழற்சி ஆலைகளுக்குக் கலப்படமற்ற கழிவு போய்ச் சேர வேண்டுமே! ஒப்படைத்த ரசீதைக் காட்டும்வரை மேஸ்திரிக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

வாசகர், சென்னை