போத்தலில் ஏறிய பெயர்



இத்தாலி நாட்டின் படத்தை விரித்துப் பார்த்தால், உயரமான சப்பாத்து அணிந்த ஒரு காலைப் போல இருக்கும். அந்தச் சப்பாத்தின் குதிகால்தான் பூலியா வட்டாரம். அங்கே மண்டூரியா என்னும் ஊருக்கு அருகில், ஒரே குடும்பத்தார் நடத்தும் திராட்சைத் தோட்டத்தையும் அதைச் சேர்ந்த ஒயின் ஆலையையும் பார்த்து வந்தேன். குடியின் புகழ் பாட இதை எழுதவில்லை. குடியால் சீரழிந்த குடும்பங்களை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன். அங்கே நான் பார்த்தது பாட்டாளிகளின் கதை. அதனால்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

ஆகஸ்டு மாதக் கடைசி. அறுவடை தொடங்கிய வாரம். பொழுது விடியும் முன்பே காட்டில் ஆட்கள் இறங்கியிருந்தார்கள். செம்மண் தரை, நிரை நிரையாகத் திராட்சைச் செடிகள். நம் பால்மரக் காடுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் இங்கே பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. ஒவ்வொரு செடியும் இடுப்பளவு உயரத்தில் தன் காலிலேயே நிற்கிறது. 'அல்பெரெல்லோ', அதாவது குட்டி மரம் என்று இதற்குப் பெயர். இயந்திரம் புகுந்து வேலை செய்ய முடியாது. குனிந்து, கத்தரியால் குலையை நறுக்கி, பெட்டியில் வைக்க வேண்டும். மதிய வெயில் ஏறுமுன் இடுப்பு ஒடிந்து போகும்.

இந்தத் திராட்சையின் பெயர் பிரிமிதீவோ. மற்றவற்றுக்கு முந்திப் பழுப்பதால் வந்த பெயர். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், ஜோயா தெல் கொல்லே என்ற ஊரில் இருந்த பாதிரியார் ஒருவர், தம் தோட்டத்தில் சில கொடிகள் மட்டும் முந்திப் பழுப்பதைக் கவனித்துத் தனியே பிரித்து நட்டாராம். முதல் அறுவடை முடிந்து சில வாரங்களில், பக்கக் கிளைகளில் சின்னச் சின்னக் குலைகள் மறுபடி பழுப்பது இதன் இன்னொரு குணம்.

பறித்த பழம் அன்றே ஆலைக்குப் போகிறது. காம்பை நீக்கி, பழத்தை நசுக்கி, தோலோடு சேர்த்துத் தொட்டியில் விடுகிறார்கள். சாறு பொங்கி நுரைக்கிறது. தோல் மேலே மிதந்து கெட்டியாகிவிடும். அதைத் திரும்பத் திரும்பச் சாற்றில் நனைக்க வேண்டும். அந்தத் தோலில் இருந்துதான் கருஞ்சிவப்பு நிறம் இறங்குகிறது. பிறகு பிழிந்து, வடித்து, மாதக் கணக்கில் ஆறப்போடுகிறார்கள்.

வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயதுக்கு மேல். நமக்கு மொழிபெயர்த்துச் சொன்னது பேத்தி. நான் ஒயின் குடிப்பதில்லை என்றதும் பாட்டி உள்ளே போய், திராட்சைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிய பாகு ஒரு கிண்ணத்தில் கொண்டு வந்தார். கிறிஸ்துமஸ் பலகாரத்தின் மேல் ஊற்றுவார்களாம். பனைவெல்லப் பாகு போல இருந்தது. அதைத் தொட்டுத் தின்றபடியே கதை கேட்டேன்.

"அந்தக் காலத்தில் எங்கள் அப்பாவுக்கு ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லை, மகனே" என்று பாட்டி தொடங்கினார். நிலமெல்லாம் பெரிய சீமான்களிடம் இருந்தது. அவர்கள் தரிசாகப் போட்டிருந்த ஆர்னெயோ நிலத்தில், 1950 டிசம்பர் இறுதியில் கூலிக்காரர்கள் கூட்டம் கூட்டமாகச் சென்று இறங்கினார்கள். போலீசார் வந்து விரட்டினார்கள். அவர்கள் ஏறி வந்த சைக்கிள்களைக் குவித்துத் தீ வைத்தார்கள். "அப்பா சைக்கிளில் போனார், நடந்து வந்தார். அதன் கடன்கூட அடையவில்லை" என்றார் பாட்டி. 1950-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி பெரிய பண்ணைகள் சில துண்டாடப்பட்டபோது, இவர்களுக்கும் ஒரு சிறு துண்டு கிடைத்தது.

நிலம் வந்தும் பெயர் வரவில்லை. தெற்கத்தி ஒயினுக்கு நிறமும் அதிகம், வலுவும் அதிகம். வடக்கே வெளிறிப் போன ஒயினோடு கலப்பதற்காக அதை மொத்தமாக வாங்கிப் போனார்கள். பிரான்ஸ் வரைக்கும் போனது. விற்றவர் பெயரும் புகழும் வேறு. விளைவித்தவர் பெயரை எவரும் கேட்டதில்லை. 1974-இல் மண்டூரியாப் பிரிமிதீவோவுக்கு அரசின் ஊர்ப்பெயர் உரிமை கிடைத்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் மொத்தமாக விற்ற இந்தக் குடும்பம், பாட்டியின் மகன் தலையெடுத்த பிறகே தன் போத்தலில் தன் பெயரை ஒட்டியது. முதல் போத்தல் இன்னும் திறக்கப்படாமல் அலமாரியில் இருக்கிறது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இனிப்பாகவே இருந்திருக்கும். ஆனால் பேத்தி ஒரு கணக்குப் புத்தகத்தைக் காட்டினாள். பழம் பறிக்க வந்தவர்கள் ஒவ்வொருவரின் பெயர், வந்த நேரம், போன நேரம், கூலி, கையெழுத்து.

"இது எதற்கம்மா?" என்றேன்.

அவள் 'கப்பொராலே' பற்றிச் சொன்னாள். நம் முன்னோர் கண்ட கங்காணிக்கு நெருங்கிய உறவுக்காரன் இவன். ஆள் சேர்ப்பான், வண்டியில் ஏற்றுவான், கூலியில் தன் பங்கைப் பிடித்துக்கொள்வான். 2015 ஜூலையில், இதே பூலியாவில் ஆந்திரியா ஊர்ப்பக்கம், திராட்சைப் பந்தலின் கீழ் வேலை செய்த 49 வயதுத் தாய் ஒருவர் சுருண்டு விழுந்து இறந்தார். நடுச்சாமத்தில் எழுந்து, நூறு கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் வந்தவர். மணிக்கு இரண்டு யூரோ அளவில்தான் அவர் கைக்கு வந்தது என்ற செய்தி நாட்டையே உலுக்கியது. 2016-இல் புதுச் சட்டம் வந்தது. இப்போது இடையில் நிற்கும் ஆள்பிடிப்பவனுக்கு மட்டுமல்ல, தெரிந்தே அவன் மூலம் தொழிலாளியைச் சுரண்டும் முதலாளிக்கும் சிறை உண்டு.

"சட்டம் இருந்தும் காட்டில் இன்னும் அது ஒழியவில்லை. அதனால்தான் எங்கள் ஆட்களை நாங்களே கூப்பிடுகிறோம், நாங்களே கூலி கொடுக்கிறோம். பாட்டியின் கண்டிப்பு" என்றாள் பேத்தி.

பாட்டி என்ன சொன்னார் தெரியுமா? "போத்தலில் எங்கள் பெயர் இருக்கிறது. புத்தகத்தில் அவர்கள் பெயர் இருக்க வேண்டாமா?"

தாய்மார்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை குத்தகைக்காரர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தால், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். சம்பளச் சீட்டில் அவன் பெயர் இருக்கிறதா, சேமநிதிப் பணம் அவன் பெயரில் கட்டப்படுகிறதா என்று மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மண்டூரியாப் பாட்டி அதைத்தான் செய்கிறார்.